பத்து மடங்கு கை லென்ஸ்: வறள்காட்டுப் புள்ளி வண்டுகளைப் பார்க்க இது போதும்

வறள்காட்டில் பூச்சி பார்க்கக் கிளம்புகிறவர் யாராவது முதலில் என்ன வாங்கட்டும் என்று கேட்டால், கேமராவைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் ஒரு நல்ல 10 மடங்கு கை லென்ஸ் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். நான் வைத்திருப்பது நகைத் தொழிலில் கல் பார்க்கப் பயன்படுத்தும் வகை. மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த ட்ரிப்ளெட், விட்டம் 18 மில்லிமீட்டர், மடக்கினால் உலோக உறைக்குள் போய்விடும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் இந்த வகையில் யார் செய்த லென்ஸாக இருந்தாலும் நான் எழுதுவது பொருந்தும். கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

தெள்ளு வண்டுகள் என்ற ஒரே கூட்டத்தை, அதிலும் முதுகில் புள்ளி உள்ளவற்றைக் காட்டில் நின்றபடியே அடையாளம் காண இந்த லென்ஸ் எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டும் வைத்து எழுதுகிறேன். தெள்ளுப்பூச்சி மாதிரி துள்ளிக் குதிக்கும் சின்ன இலைவண்டுகள்தான் தெள்ளு வண்டுகள். ஆல்டிசினி என்பது கூட்டத்தின் அறிவியல் பெயர். உலகம் முழுக்கப் பல ஆயிரம் இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டாது, நிறைய இனங்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டரிலேயே நின்றுவிடும். அந்த அளவுள்ள உயிரின் காலையும் கொம்பையும் (தலையில் இருக்கும் உணர்கொம்பு) வெறும் கண்ணால் பார்த்து முடிவுக்கு வர முடியாது, அதனால்தான் எல்லோரும் புள்ளியைப் பார்த்துப் பெயர் சொல்லப் போகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. காட்டோரத்து உளுந்து, தட்டைப்பயறு, சோளக் கொல்லைகளில் ஒரு சின்ன வண்டு வரும், தலையும் கழுத்தும் செம்மஞ்சள், இறக்கை உறை கறுப்பு, அதில் வெண்மையாக நான்கு புள்ளி. மோனோலெப்டா சிக்னேட்டா என்று பெயர். வேளாண் கட்டுரைகள் சிலவற்றில் இதையே வெள்ளைப்புள்ளித் தெள்ளு வண்டு என்று எழுதியிருப்பார்கள். ஆனால் இது தெள்ளு வண்டே இல்லை, பக்கத்துக் கூட்டத்தைச் சேர்ந்த இலைவண்டு. லென்ஸில் பின்காலைப் பாருங்கள், தொடை பருத்திருக்காது, பாதத்தின் முதல் கணு மட்டும் மற்ற கணுக்களையெல்லாம் சேர்த்தாலும் அதைவிட நீளமாக இருக்கும். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக்காரர்களுக்குத் தெரிந்த இன்னொன்று ஸ்கெலோடோண்டா ஸ்ட்ரிகிகோலிஸ், செம்பு நிறத்தில் மின்னும், முதுகில் ஆறு கரும்புள்ளி. இந்தியாவில் இதற்குத் திராட்சைத் தெள்ளு வண்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது, அதுவும் வேறு துணைக்குடும்பம். ஆக, புள்ளியை வைத்து நம் ஊரில் பேசப்படும் இரண்டு ‘தெள்ளு வண்டு’களும் தெள்ளு வண்டுகள் இல்லை. இதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பின்தொடையைப் பார்த்தாலே போதும்.

பின்தொடை ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், தாவும் விசை அதற்குள்தான் இருக்கிறது. தொடைக்குள் சுருண்ட ஒரு கெட்டியான பகுதி, வில் மாதிரி விசையைச் சேர்த்து வைத்து ஒரே நொடியில் விடுகிறது, சில இனங்கள் தம் உடல் நீளத்தைப் போல நூறு மடங்கு தூரம்கூடத் தாண்டுகின்றன. அந்த உறுப்புக்கு மௌலிக் உறுப்பு என்றொரு பெயர் உண்டு. சமரேந்திர மௌலிக் என்ற வங்காளத்துப் பூச்சியியலாளர் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபடி இந்த வண்டுகளை ஆராய்ந்தவர், 1926-ல் வெளிவந்த பிரிட்டிஷ் இந்திய விலங்கு வரிசையில் தெள்ளு வண்டுகள் அடங்கிய தொகுதியை எழுதியவரும் அவர்தான். அந்தத் தொகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியத் தெள்ளு வண்டுகளைப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு இன்றைக்கும் அதை விட்டால் வேறு வழி குறைவு. பெயர்கள் பல மாறிவிட்டன என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அதில் அவர் கேட்கிற கேள்விகளில் கணிசமானவை, கழுத்துத் தகட்டின் (தலைக்கும் இறக்கை உறைக்கும் நடுவில் இருக்கும் மேல்தகடு) பின்பக்கத்தில் குறுக்குப் பள்ளம் இருக்கிறதா, இறக்கை உறையின் குழிகள் வரிசையாக இருக்கின்றனவா கலைந்து கிடக்கின்றனவா, கொம்புகள் நெற்றியில் நெருங்கி முளைக்கின்றனவா என்கிற மாதிரிக் கேள்விகள். கொஞ்சம் பெரிய வண்டாக இருந்தால் இதற்கெல்லாம் 10 மடங்கிலேயே பதில் கிடைக்கிறது. ஒரு நூற்றாண்டு பழைய நூலும் ஆயிரம் ரூபாய்க் கண்ணாடியும் சேர்ந்து காட்டு விளிம்பிலேயே ஒரு வண்டைப் பேரினம் வரை கொண்டுபோகின்றன என்பது எனக்கு இன்றும் பெரிய சந்தோஷம்.

சரி, எங்கே வைத்துப் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கோயில்காடுகள்தான் பெரும்பாலும். வீரை, பாலை, காசான், காரை, சூரை என்று குட்டையாக நெருங்கி வளர்ந்த மரமும் புதரும், இடையிடையே காட்டுமல்லிக் கொடி, வேலியில் கிளுவை. சோழமண்டலக் கரையோரம் மிச்சமிருக்கும் வறள் பசுமைக்காட்டின் துண்டுகள் இவை. கோடையில் போனால் வண்டு கிடைப்பது கஷ்டம். வடகிழக்குப் பருவமழை இறங்கித் தளிர் விட்டதும் போனால் இலையெல்லாம் சல்லடையாக ஓட்டை விழுந்திருக்கும், அந்த ஓட்டைகளைப் பார்த்தே ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். செடிக்கு அடியில் வெள்ளைத் துணியையோ கவிழ்த்த குடையையோ பிடித்துக் கிளையை ஒரு தட்டு தட்டினால் விழும். விழுந்ததும் துள்ளி ஓடுவதும் இவைதான், அதனால் கையில் சின்ன மூடி போட்ட கண்ணாடிக் குப்பி தயாராக இருக்க வேண்டும்.

லென்ஸின் முதல் கஷ்டம் இங்கேதான் வருகிறது. 10 மடங்கு லென்ஸின் குவியத் தூரம் சுமார் 25 மில்லிமீட்டர், அதாவது பொருள் லென்ஸிலிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் இருந்தால்தான் தெளிவு. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, வண்டை லென்ஸுக்குக் கொண்டுவர வேண்டும், லென்ஸை வண்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. புதிதாகப் பார்ப்பவர்கள் பலர் கையை நீட்டி இலைக்கு மேல் லென்ஸைப் பிடிக்கிறார்கள், ஒன்றும் தெரியாது, வண்டும் போய்விடும். இலையில் இருக்கும் தெள்ளு வண்டை இரண்டரை சென்டிமீட்டரில் நெருங்குவது அபூர்வமாகத்தான் நடக்கும், குப்பிக்குள் பிடித்துப் பார்ப்பதே நடைமுறை. குப்பியைத் திருப்பி அடியிலிருந்து பார்த்தால் தொடை, தாடை, பாதக் கணு எல்லாம் ஒன்றாகத் தெரிகின்றன. ரொம்பத் துள்ளினால் ஐஸ் பை வைத்த ஃபிளாஸ்க்குக்குள் குப்பியைச் சில நிமிடம் வையுங்கள், அடங்கிவிடும். பார்த்து முடித்ததும் அதே செடியில் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் இவற்றில் பல இனங்கள் ஒன்றிரண்டு செடிகளைத் தவிர வேறு எதையும் தின்னாது.

20 மடங்கு வாங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். குவியத் தூரம் பன்னிரண்டு பதின்மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிடும், தலையே வெளிச்சத்தை மறைக்கும், குப்பியின் சுவருக்கே அந்தத் தூரத்தில் கொஞ்சம் போய்விடும், தெளிவாகத் தெரியும் ஆழமும் மிகக் குறைவு, வண்டின் முதுகு தெரிந்தால் கால் தெரியாது. வீட்டில் மேசையில் வைத்துப் பார்க்க அது சரி. காட்டுக்கு 10தான்.

அப்புறம், 30 மடங்கு, 40 மடங்கு என்று அச்சடித்து விளக்கோடு மலிவாக விற்கும் லென்ஸ்கள். கண்ணாடி மட்டும் இருபத்தைந்து மில்லிமீட்டர் அகலம் இருக்கும், 40 மடங்கு என்று போட்டிருக்கும். உண்மையிலேயே 40 மடங்கு என்றால் குவியத் தூரம் ஆறு மில்லிமீட்டர் அளவுதான் வர வேண்டும், அவ்வளவு அகலமான சாதாரணக் கண்ணாடி அப்படி வளைந்திருக்கவே முடியாது. கடையில் சோதிப்பது சுலபம். ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள், மில்லிமீட்டர் கோடுகள் எந்தத் தூரத்தில் தெளிகின்றன என்று பாருங்கள், 250-ஐ அந்தத் தூரத்தால் வகுத்தால் உண்மையான மடங்கு ஏறக்குறைய வந்துவிடும். அதே கோடுகள் லென்ஸின் ஓரத்தில் வளைகின்றனவா, ஓரத்தில் நீலமும் மஞ்சளும் கசிகின்றனவா என்றும் பாருங்கள். ட்ரிப்ளெட்டாக இருந்தால் இரண்டும் அநேகமாக இருக்காது. வண்டு விஷயத்தில் இந்த நிறக் கசிவு பெரிய தொல்லை, ஏனென்றால் மினுமினுப்பான கறுப்பு இறக்கையில் உண்மையான நீலச் சாயல் இருக்கிறதா இல்லையா என்பதே சில நேரம் கேள்வியாக இருக்கும்.

இப்போது புள்ளிகளுக்கு வருகிறேன். வறள்காட்டில் தெள்ளு வண்டோடு குழம்பும் புள்ளி ஆட்களில் பொறிவண்டுக்குத்தான் முதல் இடம். சுண்டை, கண்டங்கத்தரிச் செடிகளில் இருபத்தெட்டுப் புள்ளிப் பொறிவண்டு இலையைச் சுரண்டித் தின்னும், அதன் உடம்பு முழுக்க மெல்லிய ரோமம் இருப்பது 10 மடங்கில் பளிச்சென்று தெரியும். பொறிவண்டின் கொம்பு குட்டை, நுனி தடித்திருக்கும். தெள்ளு வண்டின் கொம்பு நூல் மாதிரி நீண்டு, பெரும்பாலும் பதினொரு கணுவோடு இருக்கும், சிலியோடஸ் பேரினத்துக்குப் பத்து. பொறிவண்டின் பாதத்தில் மூன்று கணுதான் இருப்பது போலத் தெரியும், இலைவண்டுகளுக்கு நான்கு இருப்பது போலத் தெரியும். இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் குழப்பம் இல்லை, இருந்தாலும் ஆர்கோபிஸ்டஸ் என்ற தெள்ளு வண்டுப் பேரினத்தை இங்கே சொல்லியாக வேண்டும். உருண்டை உடம்பு, சில இனங்களில் கறுப்பு முதுகில் இரண்டு சிவப்புப் புள்ளி, அசல் பொறிவண்டு வேஷம். ஜப்பானில் இருக்கும் ஓர் இனத்துக்குப் பொறிவண்டு உருவம் கொண்டது என்றே அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள். மல்லிகைக் குடும்பத்துச் செடிகள்தான் இந்தப் பேரினத்தின் உணவு, புழு இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் சுரங்கம் போட்டுத் தின்னும். அதனால் காட்டுமல்லியில் ஒரு ‘பொறிவண்டு’ உட்கார்ந்திருந்தால் கடந்து போகாதீர்கள், புல்நுனியால் தொட்டுப் பாருங்கள். பொறிவண்டு காலை இழுத்துக்கொண்டு விழும் அல்லது பறக்கும், தெள்ளு வண்டு இருந்த இடத்தில் இருக்காது.

பருத்த தொடை இருந்தாலே தெள்ளு வண்டு என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது, இதை லென்ஸ் வாங்கிய உற்சாகத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். புளியம்பழத்தைத் துளைக்கும் கேரியெடான் வண்டுக்குப் பின்தொடை அபாரமாகப் பருத்திருக்கும், உடம்பில் திட்டுத்திட்டாகப் புள்ளியும் இருக்கும், ஆனால் அது பயறு வண்டுக் கூட்டம். தொடையின் உள்விளிம்பில் பல் மாதிரி முட்கள் இருப்பதையும், உடம்பெல்லாம் ரோமம் படிந்திருப்பதையும், இறக்கை உறை குட்டையாக இருந்து வயிற்றின் நுனி வெளியே தெரிவதையும் 10 மடங்கில் தெளிவாகப் பார்க்கலாம். வேலங்காய், புளி இருக்கும் வறள்காட்டில் இந்தக் கூட்டத்தார் ஏராளம். நீரோரத்துச் சிர்ட்டிட் குடும்ப வண்டுகள் சிலவும் பருத்த தொடையோடு துள்ளும், அவை மெத்தென்ற உடம்போடு இருப்பதால் தனியாகத் தெரிந்துவிடும். பார்த்தீனியச் செடியில் மேயும் வரி போட்ட வண்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், அது சைகோகிராமா, மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984-ல் பெங்களூருப் பக்கம் விடப்பட்டது, தெள்ளு வண்டு இல்லை, துள்ளாது. அதன் கொம்புகள் நெற்றியில் தள்ளித்தள்ளி முளைத்திருக்கும், தெள்ளு வண்டுக்கு நெருங்கி முளைத்திருக்கும்.

புள்ளிக்குப் பேர்போன பெரிய தெள்ளு வண்டு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் நம் வறள்காட்டில் தேடிப் பயனில்லை. போடோண்டியா பேரினத்தில் பதினான்கு புள்ளி இனம், ஆரஞ்சு கலந்த மஞ்சளில் கறுப்புப் புள்ளிகள், ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீளம், வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை காட்டு மாம்புளிச்சி மரத்தில் இருக்கிறது, அதற்கு லென்ஸே வேண்டாம். தென்னிந்தியாவுக்கே உரிய போடோண்டியா காங்ரிகேட்டா குடம்புளி மரத்தில் வாழ்கிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கே.டி. பிரதாபன் இன்னொருவரோடு சேர்ந்து 2011-ல் அதன் வாழ்க்கை முறையை எழுதினார், அந்தக் கட்டுரையும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. அது ஈரக்காட்டுச் சமாச்சாரம் என்றாலும் படிக்கச் சொல்வேன், ஏனென்றால் இந்த வண்டின் நெருங்கிய உறவுக் கூட்டம் மற்ற நாடுகளின் வறள்காடுகளில் இருக்கிறது. மெக்சிகோவின் உலர் காடுகளில் பர்செரா மரங்களில் பிளெஃபாரிடா என்ற தெள்ளு வண்டுகள் வாழ்கின்றன. சில பர்செரா இலைகளைக் கடித்தால் பிசின் பீய்ச்சியடிக்கும், சில நேரம் ஒரு மீட்டர் தாண்டியும் தெறிக்கும். புழுக்கள் முதலில் இலை நரம்பை வெட்டி அழுத்தத்தை இறக்கிவிட்டு அப்புறம்தான் தின்ன ஆரம்பிக்கின்றன. நமீபியாப் பக்கத்துச் சான் வேடர்கள் அம்பு நுனியில் தடவும் விஷம் டயம்ஃபிடியா என்ற இன்னொரு உறவுக்காரத் தெள்ளு வண்டின் புழுவிலிருந்து வருகிறது, அது கொம்மிஃபோரா செடியில் வளர்வது. நம் வேலிக் கிளுவையும் ஒரு கொம்மிஃபோராதான், பர்செராவும் அதே குடும்பம். அதனால்தான் கிளுவை வேலியைக் கண்டால் நின்று இலையைப் புரட்டாமல் என்னால் போக முடிவதில்லை, நீங்களும் புரட்டிப் பாருங்கள்.

செடியின் பெயர் தெரிந்திருப்பது லென்ஸுக்குச் சமமான உதவி. குப்பைமேனியில் பளபளப்பான நீல வண்டு துள்ளினால் ஆல்டிகா பேரினத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும், கழுத்துத் தகட்டின் குறுக்குப் பள்ளத்தை லென்ஸில் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். வெண்டை, துத்தி வகையறாவில் என்றால் நிசோட்ரா, அதற்குக் கழுத்துத் தகட்டின் விளிம்பில் சின்னச் சின்ன நெடுக்குக் கோடுகள். வில்வ இலையைத் தின்பது கிளீட்டியா. செடி தெரியாமல் வண்டை மட்டும் குப்பியில் கொண்டு வந்தால் பாதித் தகவலைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

லென்ஸின் குறைகளையும் சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பதன் உறை பளபளக்கும் குரோம் பூச்சு, வெயிலில் கண்ணில் அடிக்கிறது, கறுப்பு உறை உள்ளதை வாங்குங்கள். மடக்கும் இடத்துத் திருகு போகப்போகத் தளர்கிறது, சின்னத் திருப்புளி பையில் இருந்தால் நல்லது. கழுத்தில் மாட்டக் கயிறு தனியாகத்தான் வாங்க வேண்டும், கயிறு இல்லாமல் காட்டுக்குப் போகாதீர்கள், சூரைப் புதருக்குள் விழுந்தால் எடுக்கக் கை நிறைய முள்ளை வாங்கிக்கொள்ள வேண்டும், அதனால் கயிறும் கண்ணில் படுகிற சிவப்பிலோ மஞ்சளிலோ இருக்கட்டும். கண்ணாடி அணிபவர்களுக்கு 18 மில்லிமீட்டர் கொஞ்சம் குறுகல், 21 கிடைத்தால் அதை எடுக்கலாம். கைப்பேசி கேமராவுக்கு முன்னால் இதே லென்ஸைப் பிடித்துப் படம் எடுக்கவும் முடிகிறது, ஓரம் கறுக்கும், நடுவில் பின்தொடை தெளிவாக விழும். இதற்கென்றே விற்கும் க்ளிப் மேக்ரோ லென்ஸ் இதைவிட நல்ல படம் தரும், ஆனால் திரையில் பார்ப்பதும் கண்ணால் நேராகப் பார்ப்பதும் ஒன்றல்ல. குப்பியைத் திருப்பத் திருப்ப எந்தக் கோணத்தில் எது தெரிகிறது என்று கை தானாகக் கற்றுக்கொள்வது கண்ணால் பார்க்கும்போதுதான்.

இனம் வரைக்கும் போக வேண்டுமானால் இந்த லென்ஸால் முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிறையத் தெள்ளு வண்டு இனங்களை ஆண், பெண் உறுப்புகளை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரிக்க முடியும், ஒரே இனத்திலேயே புள்ளி கூடும் குறையும். பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் ஒரு குறைவும் இல்லை. பார்த்த உயிர்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் பதிவு போடுகிறவர்கள் முதுகுப் படத்தோடு, பக்கவாட்டில் பின்தொடை தெரியும் படம் ஒன்று, தலையும் கொம்பின் அடியும் தெரியும் படம் ஒன்று, செடியின் படம் ஒன்று சேர்த்துப் போடுங்கள், விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்ல அது போதுமான பிடி. சரணாலயத்துக்குள்ளும் காப்புக்காட்டுக்குள்ளும் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள், குப்பியில் பிடிப்பதற்கும் அங்கே அனுமதி வேண்டும். கோயில்காடுகளில் ஊர்ப் பெரியவர்களிடமோ பூசாரியிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள், செருப்பைக் கழற்றச் சொல்லும் இடங்கள் உண்டு, கீழே முள் இருக்கும், தரையைப் பார்த்து நடங்கள்.